கடலில்லாத நாட்டின் கடற்படை

ஒரே ஒரு மோர்ட்டார் குண்டைத் திருடினார் என்பதுதான் ஜபார்குல் மீது போடப்பட்ட வழக்கு. அந்த 'ஒரே ஒரு' என்ற சொல்தான் அவரை ரொம்பவும் புண்படுத்தியது. இருபத்திரண்டு வருஷம் ராணுவக் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்த மனிதர். ஒரு பட்டாளத்தை மூன்று தடவை கொன்றுவிட்டு நான்காவது தடவைக்கும் மிச்சம் வைக்கிற அளவு வெடிமருந்து அவர் இடுப்புச் சாவிக்குள் அடங்கிக் கிடந்தது. திருடுவதென்று இறங்கியிருந்தால் ஒன்றோடு விட்டிருப்பாரா? பீரங்கியையே பிரித்துப் பிரித்து மதியச் சாப்பாட்டுத் தூக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் மறுபடி பூட்டி, அதன் குழாயில் துணி காயப் போட்டிருப்பார்.

"சரிங்கய்யா, ஒன்னா ஒம்பதா அப்புறம் பேசிக்கலாம்" என்றான் விசாரணை அதிகாரி கேப்டன் எலமான். மேஜை மேல் கிடந்த கறுத்துப்போன இரும்பைப் பேனாவால் தட்டினான். குண்டின் வால் பகுதி அது. "இது உங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"வானத்துலேர்ந்து வந்துச்சு."

"வந்துட்டு, நேரா பெட்டிக்குள்ள போயி, உங்க சம்சாரத்தோட பட்டுச் சட்டைக்கு நடுவுல, துண்டைச் சுத்திக்கிட்டுப் படுத்துக்கிச்சாக்கும்?"

கரடியை ஒற்றைக் கையால் மல்லாத்திய கதையை மூன்று மணி நேரம் சொல்லக்கூடியவர் ஜபார்குல். அந்தக் கரடியும் வருஷத்துக்குப் பத்து கிலோ ஏறிக்கொண்டே வந்து, இப்போது ஒரு லாரி அளவுக்கு இருந்தது. அப்பேர்ப்பட்ட வாய் அன்று பூட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். போன செப்டம்பரில் கால்வாய் மதகை யார் திறப்பது என்று ஆரம்பித்த சண்டை, கல்லெறியாகி, துப்பாக்கியாகி, அன்று சாயங்காலத்துக்குள் பீரங்கியாகிவிட்டது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற பக்கத்து நாட்டிலிருந்து மூன்று நாள் குண்டு விழுந்தது. அக்-ஒருக் கிராமத்தில் நானூறு வீடு. எல்லோரும் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். ஜபார்குல் மாட்டை அவிழ்த்துக் காரின் பின் இருக்கையில் ஏற்றப் போராடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி புருல்ச்சா மட்டும் தந்தூர் அடுப்பை விட்டு வரவில்லை.

"மாவு பொங்கிக் கெடக்குது. போட்டுட்டு வர்றேன். போற எடத்துல எதத் தின்னுவீங்க, மாட்டையா?" என்று கத்தினாள்.

ஆறு ரொட்டி வெளியே வந்திருந்தது. ஏழாவதை அவள் அடுப்புச் சுவரில் ஒட்டக் குனிந்தபோது குண்டு விழுந்தது.

புகை அடங்கியதும் குழிக்குள் கிடந்த வாலை ஜபார்குல்தான் எடுத்தார். சூடு கையைப் பொசுக்கியது. புரட்டிப் பார்த்தார். வட்டத்துக்குள் ஏழு என்ற எண் பொறித்திருந்தது. அது அவருடைய கிடங்கின் சோதனைக் குறி. பத்து வருஷத்துக்கு ஒரு முறை குண்டுகளைச் சோதித்துவிட்டு, வாலில் அந்தக் குறியைச் சுத்தியலால் தட்டுவது வழக்கம். ஏழின் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். அந்த வளைவு அவர் கை வளைவு. உலகத்தில் வேறு எவனாலும் அவ்வளவு கோணலாக ஏழு தட்ட முடியாது.

அதனால்தான் ஒளித்து வைத்தார். நாற்பதாம் நாள் இறந்தவளின் துணிமணிகளை உறவுப் பெண்களுக்குப் பங்கு வைக்க மகள் நூர்ஜாத் பெட்டியைத் திறந்தாள். பட்டுச் சட்டையை எடுத்து உதறினாள். இரும்பு அவள் காலில் விழுந்தது. பங்கு வாங்க வந்திருந்த பதினெட்டுப் பெண்களும் பார்த்தார்கள். அன்று ராத்திரிக்குள் கிராமம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அவர்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் தெரிந்துவிட்டது.

எலமானின் கணக்கு எளிமையானது. கிராமத்தில் விழுந்த மற்ற குண்டுகளில் எல்லாம் அயல் எழுத்து. இந்த ஒன்றில் மட்டும் நம் கிடங்கின் குறி. அந்தக் கிடங்கின் சாவி இவரிடம் இருந்தது. ஆகவே ஓய்வு பெறும்போது நினைவாக ஒன்றை எடுத்து வந்து கொல்லையில் வைத்திருக்கிறார். அடுப்புச் சூட்டில் அது வெடித்துவிட்டது. புருல்ச்சாவின் இறப்புப் பதிவில் எழுதியும் ஆகிவிட்டது: 'வீட்டில் வைத்திருந்த வெடிபொருளால் நேர்ந்த விபத்து.' ஏழு வருஷம் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று எலமான் வருத்தத்தோடுதான் சொன்னான். நல்ல பையன்.

ஏழு வருஷத்தை ஜபார்குல் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருல்ச்சாவின் அண்ணன் மமசாலி வாசல் வரை வந்து, உள்ளே வராமல், செருப்பையும் கழற்றாமல் சொன்னதுதான் அவரைத் தின்றது.

"எங்க வீட்டுப் பொண்ண ஒங்கிட்டக் குடுத்தோம். நீ அவ அடுப்புப் பக்கத்துல குண்ட வச்சுத் தூங்க விட்டிருக்க. வருஷ விருந்து நாங்க பாத்துக்கறோம். நீ அந்தப் பக்கம் தலை காட்டாத மாப்ள. காட்டுனா, தலை இருக்காது."

மனைவி இறந்து ஒரு வருஷம் ஆனதும் போடுகிற விருந்தில் கூடாரத்து வாசலில் கம்பை ஊன்றி நின்று, வருகிறவர்களைப் பார்த்து வாய்விட்டு அழ வேண்டியவன் கணவன். அந்த இடம் போய்விட்டால் அவன் அவளுக்கு யாருமில்லை என்று அர்த்தம்.

மறுநாள் நூர்ஜாத் நகரத்திலிருந்து வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள், பாத்திரம் கழுவினாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒரே ஒரு கேள்விப்பா. நீங்க எடுத்துட்டு வந்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

அவர் மாட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"உங்களுக்கா பேச்சு வரல? எனக்குக் காது குத்துன கதைய எட்டு விதமாச் சொன்னவரு நீங்க" என்றாள் அவள். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் நின்று அவர் வழியனுப்பியதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

என்ன சொல்வார்? சொல்ல வேண்டியதை அவர் ஏற்கனவே சொல்லியிருந்தார். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணம், பிள்ளைக்குத் தொட்டில் போடுவது, வீடு கட்டி முடித்த விருந்து என்று ஒன்று விடாமல், பிலாவ் வயிற்றுக்குள் இறங்கியதும் யாராவது கேட்பார்கள்: "ஜபார்குல் அண்ணே, அந்த அட்மிரல் கதையச் சொல்லுங்க!" அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அவருடைய கதைகளிலேயே ஒரு சொட்டுக்கூட இட்டுக்கட்டாத கதை அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, அதற்குத்தான் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தொண்ணூற்றாறில் நடந்தது. சோவியத் யூனியன் உடைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கிடங்கில் ஒன்பது மாதமாகச் சம்பளம் இல்லை. ஒரு மாதம் காலுறைகளாகக் கொடுத்தார்கள், அதுவும் எல்லாம் இடது காலுக்கு. எலிகள்கூட வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்தன. அந்தச் சமயத்தில்தான் வெள்ளை ஷூ போட்ட ஒருவர் வந்து இறங்கினார். வசந்தகாலச் சேற்றில், முழங்கால் புதைகிற இடத்தில், அந்த ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டவில்லை. மனிதர் தரையில் கால் பாவாமல் நடந்திருக்க வேண்டும். நாற்பதாயிரம் மோர்ட்டார் குண்டு வேண்டும் என்றார். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு.

அவரிடம் காகிதம் இருந்தது. குண்டு கடைசியில் யார் கையில் இருக்கும், அந்தக் கையை விட்டு வேறு கைக்குப் போகாது என்று வாங்குகிற நாடு எழுதித்தருகிற உறுதிச் சான்றிதழ். கிடங்கில் அதற்குக் 'கடைசிக் கை' என்று பெயர். தடித்த தாள், தங்க விளிம்பு, இரண்டு சிங்கம். கீழே கையெழுத்து: கடற்படை அமைச்சகம்.

ஜபார்குலின் மேஜை மேல் நூர்ஜாத்தின் ஐந்தாம் வகுப்பு வரைபடப் புத்தகம் கிடந்தது. சும்மா புரட்டினார். அந்த நாட்டைச் சுற்றி எந்தப் பக்கமும் நீல நிறமே இல்லை.

"சார், இந்த நாட்டுக்குக் கடலே கெடையாது. கடற்படை எப்படி வரும்?" என்று கிடங்குத் தலைவர் கர்னல் ஷெர்கஜியைக் கேட்டார்.

கர்னல் அசரவில்லை. "நமக்குக் கடல் இருக்கா?"

"இல்ல சார்."

"இசிக்-குல் ஏரியில யூனியன் கடற்படை டார்ப்பிடோ விட்டுப் பாத்துச்சா இல்லையா?"

"பாத்துச்சு சார்."

"அப்ப அவங்ககிட்டயும் ஒரு ஏரி இருக்கும்டா. நீ என்ன, ஏரிகளக் கேவலமா நெனைக்கறியா?"

உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இந்தப் பதில் செல்லுபடி ஆகியிருக்காது. மலைக்கு நடுவில் மாலுமிகளைப் பார்த்து வளர்ந்த ஜனங்களுக்குத்தான் அது நியாயமாகப் படும். அறையே அதிரச் சிரித்தார்கள். வெள்ளை ஷூக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் அவருக்கு மேலங்கி போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்து, ஆட்டுத் தலையை அவர் முன் வைத்துவிட்டார்கள். ஆட்டுத் தலையை வாங்கிய விருந்தாளியைக் கேள்வி கேட்பது எங்காவது உண்டா? ஜபார்குல் முத்திரையை எடுத்து எல்லாத் தாளிலும் குத்தினார். அன்று வீட்டில் இதைச் சொன்னபோது புருல்ச்சா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த அட்மிரல் எதுல நீச்சலடிப்பாராம், சூப்புலயா?" அந்த வரியையும் அவர் கதையில் சேர்த்துக்கொண்டார். அதற்கு எப்போதும் கைதட்டல் உண்டு.

மே மாதம் மேரிம் என்ற பெண் அவரைத் தேடி வந்தாள். தலைநகர் பிஷ்கெக்காரி. எந்தச் சண்டையில் எந்தக் குண்டு எங்கிருந்து வந்தது என்று தடம் பார்க்கிற அமைப்பில் வேலை. ஆள் குச்சி, தோளில் தொங்கிய பை அவளைவிடக் கனம். அவர் வைத்த ஆப்ரிகாட் வற்றலை ஓயாமல் தின்றுகொண்டே கேட்டாள்.

"ஐயா, உங்க வீட்டுல விழுந்த குண்டுல வட்டத்துக்குள்ள ஏழு இருந்துச்சாமே?"

"ஏன், நீயும் வழக்குப் போடப் போறியாம்மா? வரிசையில நில்லு."

அவள் நாலு படங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். நாலு இரும்பு வால். மூன்று எங்கோ மணல் தேசங்களில் எடுத்தவை. நான்காவது ஆற்றின் அந்தக் கரையில், ஒரு பெட்டிக்குள். எல்லாவற்றிலும் கால் வளைந்த ஏழு.

"விமானம் ஆப்பிரிக்காவுக்குத்தான் கெளம்புச்சு. எண்ணெய் போடன்னு ஒரு எடத்துல எறங்குச்சு. அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்ல. சரக்கு கோடவுன்ல கெடந்துச்சு, கை மாறிச்சு, மறுபடி மாறிச்சு. கடைசியா உங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் வந்து சேந்துச்சு. ஆனா காகிதப்படி அந்த நாப்பதாயிரமும் இன்னிக்கும் ஆப்பிரிக்காவுலதான் பத்திரமா இருக்கு."

"அப்ப காகிதப்படி எம் பொண்டாட்டி உசுரோடதான் இருக்கா."

மேரிம் வற்றலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஐயா, நான் மூணு வருஷமா உங்க கிடங்குல இருந்தவங்கள ஒவ்வொருத்தராப் பாக்கறேன். எல்லாருக்கும் ஞாபகமறதி. அந்தக் காகிதம் போலின்னு தெரிஞ்சேதான் குத்துனோம்னு சொல்ல ஒரு ஆளு வேணும். அப்படி ஒருத்தர் எழுதிக் குடுத்தா, அது இல்லாமப் பேசறதுக்கும் இருந்து பேசறதுக்கும் நெறைய வித்தியாசம்."

"எங்க பேசுவ?"

"நாடுங்க எல்லாம் கூடி உக்கார்ற எடத்துல. விதின்னு ஒன்னு எழுதி வச்சிருக்காங்க, இல்லேங்கல. பாதிப் பேரு கையெழுத்துப் போடல. போட்டவங்களும் போய்ப் பாக்கறதில்ல. அனுப்பறதுக்கு முன்னாடி அந்த நாட்டுக்கு ஒரு போன் போடணும், அனுப்புன பின்னாடி ஒரு ஆளு போய் எண்ணிப் பாக்கணும், பொய் சொன்னா மாட்டணும். இத எல்லா நாட்டுக்கும் கட்டாயமாக்கணும்னுதான் கேக்கறோம். அதிகமா?"

ஜபார்குலுக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் கிராமத்து ஆப்ரிகாட் வற்றல் ஒரு லாரி வடக்கே போனது. ஆறு சான்றிதழ். எல்லையில் வெள்ளை அங்கிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு புழு கிடைத்தது. ஒன்றுதான். அதுவும் செத்தது. லாரியை இரண்டாயிரம் கிலோமீட்டர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த மரம், எந்தத் தேதியில் பறித்தது என்று கேட்டு மாதக் கணக்கில் கடிதம் வந்தது. அந்தப் புழுவுக்கு இருந்த மரியாதை நாற்பதாயிரம் குண்டுக்கு இல்லை.

"நான் சொல்றேன்" என்றார். "ஆனா முதல்ல ஒன்கிட்ட இல்ல. எம் பொண்ணு கேக்கணும்."

அடுத்த வாரம் எலமானின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். நூர்ஜாத் ஜன்னல் ஓரமாக, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மேரிம் நோட்டுப் புத்தகத்தோடு. ஜபார்குல் இந்தத் தடவை கனைத்துக்கொள்ளவில்லை. வெள்ளை ஷூவில் தொடங்கி முத்திரை வரை சொன்னார். பாதியிலேயே எலமானின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அட்மிரல் கதை! எங்க மாமா கல்யாணத்துல சொன்னீங்களே ஐயா! எனக்குப் பத்து வயசு. சிரிச்சுச் சிரிச்சு மூக்கு வழியாத் தேநீர் வந்துடுச்சு…"

அப்போதுதான் அவன் கண் மேஜை மேல் கிடந்த இரும்பில் பட்டது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது. எடுக்கவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் சிரிப்பு அவன் உதட்டில் கொஞ்ச நேரம் அநாதையாகக் கிடந்தது.

"அந்தக் குண்டுதான் இது" என்றார் ஜபார்குல். "நான் திருடல. அனுப்பி வச்சேன். போலின்னு தெரியும். எழுதிக்க."

எலமான் சட்டப் புத்தகத்தை எடுத்தான். முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாகப் புரட்டினான். தொலைபேசியில் மேலதிகாரியைக் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். வேர்த்துக்கொட்டியது. கடைசியில் பேனாவைக் கீழே வைத்தான்.

"ஐயா, இதுக்குப் பிரிவு இல்ல."

"பிரிவு இல்லேன்னா?"

"காகிதம் இருக்கணும்னு விதி. காகிதம் இருந்துச்சு. அது நெசமான்னு சரி பாக்கணும்னு அப்ப எங்கயும் எழுதல. நீங்க செஞ்சது… சட்டப்படி சரியான வேலை."

"ஒரு குண்டத் திருடுனா ஏழு வருஷம்."

"ஆமா."

"நாப்பதாயிரத்த எவன் கைக்குப் போகுதுன்னு தெரியாம அனுப்புனா?"

"அது ஏற்றுமதி ஐயா."

"அந்த வெள்ளை ஷூக்காரன்?"

"அவரு எந்த நாட்டுல இருந்து வித்தாருன்னு பாத்தா, எந்த நாட்டுலயும் இருந்து விக்கல" என்றாள் மேரிம். "ஒரு நாட்டுல கம்பெனி, இன்னொரு நாட்டுல வங்கி, மூணாவது நாட்டுல விமானம். ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டக் கைகாட்டுது. இப்ப வயசாயி, கடலோரமா வீடு கட்டிக்கிட்டு இருக்காரு."

"அவனுக்காவது கடல் கெடைச்சுதே" என்றார் ஜபார்குல். யாரும் சிரிக்கவில்லை.

எலமான் இறப்புப் பதிவை எடுத்து, பழைய வரியை அடித்து, 'எதிர்த்தரப்பின் குண்டுவீச்சு' என்று எழுதினான். வழக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம், ஒரு கையெழுத்து மட்டும் என்றான்.

"குண்டு எங்களுதுன்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லீங்கய்யா."

"ஓரத்துல எழுது."

"ஓரத்துல எழுதுனா செல்லாது."

மனிதர் கத்தினார். மேஜையைக் குத்தினார். என்னைப் பிடித்து உள்ளே போடு என்று சட்டத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்; சட்டம் அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தது. அந்தக் கட்டடத்தில் அத்தனை வருஷத்தில் விடுதலை ஆனதற்காக அவ்வளவு அழுத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

மேரிம் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை நீட்டினாள். பதினோரு பக்கம். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். "இதுல அவ பேரு இருக்கா?" என்று கேட்டார்.

"அறிக்கையில செத்தவங்க பேரு வராது ஐயா. குண்டோட எண்ணுதான் வரும்."

"மிச்சம் எத்தனை விழாம இருக்கு?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கற மாதிரி ஏற்பாடு இல்லாததுதான் பிரச்சினையே."

வெளியே படிக்கட்டில் நூர்ஜாத் நின்றாள்.

"ஒரு குண்டத் திருடியிருந்தீங்கன்னா மன்னிச்சிருப்பேன்ப்பா. கிறுக்குத்தனம்னு விட்டிருப்பேன். நீங்க அதச் சொல்லிச் சொல்லி எங்களச் சிரிக்க வச்சீங்க. நானும் சிரிச்சேன். ஸ்கூல்ல போயி நான் சொன்னேன் அந்தக் கதைய, தெரியுமா? என் அட்லஸ்னு பெருமையா."

"தெரியாதும்மா."

"வருஷ விருந்துக்கு வாங்க. மாமாகிட்ட நான் பேசிக்கறேன், திருடலேன்னு. வாசல்ல நில்லுங்க. ஆனா அழக் கூடாது. அழறது சுலபம். வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லணும். கதை மாதிரி இல்ல. நடந்த மாதிரி."

செப்டம்பரில் மமசாலியின் வயலில் கூடாரம் போட்டார்கள். மூன்று ஆடு, ஒரு குதிரை. முந்நூறு பேர் வந்தார்கள். ஜபார்குலுக்கு மூவாயிரமாகத் தெரிந்தது. இடுப்பில் கயிறு கட்டி, கம்பை ஊன்றி, வாசலில் நின்றார். மமசாலி தன் சம்பந்திகளை அழைத்துவர நகரத்துக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை திருடவில்லை என்பது வரைதான் அவருக்குத் தெரியும்.

முதல் ஆள் வந்து கட்டிப்பிடித்தார். ஜபார்குல் அவர் காதோடு சொன்னார்: "அவளக் கொன்ன குண்டு நான் சீல் குத்தி அனுப்புனது. காகிதம் பொய்யின்னு தெரியும். அட்மிரல் கதை சொல்வேன்ல, அதுதான்." அந்த ஆளுக்கு அட்மிரல் என்றதும் பழக்கதோஷத்தில் உதடு விரிந்தது; மூடிக்கொண்டார். முதுகைத் தட்டினார். "விடுங்க. காலம் அப்படி. உங்களுக்கும் பிள்ளகுட்டி இருந்துச்சு." உள்ளே போனார்.

இரண்டாவது ஆள்: "நீங்க குத்தலேன்னா வேற ஒருத்தன் குத்தியிருப்பான் அண்ணே." உள்ளே போனார்.

ஒருவர் எல்லாம் விதி என்றார். ஒருவர் அந்தக் கரைக்காரர்களைத் திட்டினார். ஒரு பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாச் சொல்ற, நீ எப்பவும் நல்லாச் சொல்லுவ" என்று பாராட்டினார். எலமான் வந்தான், குனிந்த தலையோடு அவர் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனான். மத்தியானத்துக்குள் இருநூறு பேர் அவரை மன்னித்துவிட்டார்கள். மன்னிப்பு அந்த வயலில் குதிரைச் சாணம் மாதிரி எங்கு பார்த்தாலும் கிடந்தது. உள்ளேயிருந்து பிலாவ் வாசனை வந்தது, பேச்சுச் சத்தம் வந்தது, யாரோ எதற்கோ சிரித்த சத்தமும் வந்தது. ஜபார்குலுக்குக் கம்பால் கூடாரத்தையே சாய்க்க வேண்டும் போலிருந்தது.

நூர்ஜாத் அடுப்படியிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். அவர் சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்று மணிக்கு மமசாலியின் கார் வந்தது. இறங்கினார். மாதக்கணக்காய் வைத்திருந்த பகையை விட்டுவிடுவது என்று தீர்மானித்த முகம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் வந்தார்.

"மன்னிச்சுக்க மாப்ள. திருடன்னு சொல்லிட்டேன்."

ஜபார்குல் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், முத்திரை உட்பட.

மமசாலியின் கைகள் விரித்தபடியே காற்றில் நின்றன. "அந்தக் கதையா? அவ சிரிப்பாளே… சூப்புன்னு சொல்லுவாளே… அந்தக் கதையா?"

"அதேதான்."

"தெரிஞ்சு குத்துனியா?"

"தெரிஞ்சு."

மமசாலி ஓங்கி அறைந்தார். கம்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் போய் விழுந்தது. கூடாரத்துக்குள் சத்தம் நின்றது. "நானும் சிரிச்சேனேடா" என்று அவர் குரல் உடைந்தது. "எத்தன தடவ… என்னையும் சேத்துல்ல சிரிக்க வச்ச, பாவி!" தன் சொந்த வயலில், தன் சொந்தத் தங்கையின் விருந்தில், ஒரு வாய் சாப்பிடாமல் காரில் ஏறி, சம்பந்திகள் விழிக்க விழிக்க, வந்த வழியே திருப்பிக்கொண்டு போனார்.

ஜபார்குல் குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். கன்னம் எரிந்தது. காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. பாதையில் அடுத்த வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மேல் கிராமத்துக்காரர்கள், ஐந்து பேர், அழுகைக்கு முகத்தைத் தயார் செய்துகொண்டு இறங்கினார்கள். அவர் கம்பை ஊன்றி நின்றார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். கேட்டுட்டு அறையணும்னா அறைஞ்சுட்டுப் போங்க" என்று ஆரம்பித்தார்.